முப்பத்திரண்டு அத்தியாயத் திட்டமும் ஒரு கடுகு டப்பாவும்

ஒரு நாவல் எழுதியவருக்கு அந்த நாவல் எதைப் பற்றியது என்று எப்போது தெரிந்தது என்பதைப் பற்றிய பதிவு இது. எழுதியவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. நான் அவருடைய கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொன்னவன், அவ்வளவுதான். இதை எழுதலாமா என்று கேட்டதற்குச் சரி என்றார், பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். நாவலின் பெயரைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அவருடைய அப்பா அங்கே 1958 முதல் 1993 வரை ஒரு சின்ன அச்சகம் நடத்தினார். ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோத்து, டிரெடில் என்ற கால்மிதி அச்சு மெஷினில் அடிக்கிற பழைய முறை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், தேர்தல் வந்தால் துண்டுப் பிரசுரம், அவ்வப்போது அரசு அலுவலகப் படிவங்கள். மகன் வங்கியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறுமாதமே நாவலைத் தொடங்கிவிட்டார்.

தொடங்கினார் என்றால் எழுதத் தொடங்கவில்லை, திட்டம் போடத் தொடங்கினார். எக்செல் தாளில் முப்பத்திரண்டு வரிசைகள், வரிசைக்கு ஒரு அத்தியாயம். வருடம், இடம், பாத்திரங்கள், நிகழ்ச்சி, கடைசியில் ‘நோக்கம்’ என்று ஒரு பத்தி. அதையே பெரிய சார்ட் தாளில் எழுதி, மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தார். கதை இதுதான்: நேர்மையான ஒரு அச்சகக்காரர், கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்து அவர் தொழிலை விழுங்கிவிட்டன, கடைசியில் எழுத்துகள் எல்லாம் பழைய ஈய விலைக்குக் கிலோ கணக்கில் போயின. 1980களின் கடைசியிலும் 90களிலும் தமிழ்நாட்டின் எத்தனையோ சிறு அச்சகங்களுக்கு நடந்தது இதுதான், அதனால் திட்டத்தில் பொய் ஒன்றும் இல்லை.

பதினான்கு மாதத்தில் பதினோரு அத்தியாயம், சுமார் நூற்றெண்பது பக்கம் எழுதினார். பன்னிரண்டாவதில் நின்றுபோனது. 2021 ஜூலையில் அந்தக் கட்டு என்னிடம் வந்தது.

பிரதியில் கண்டது

முதல் ஐம்பது பக்கம் படித்தபோது அலுப்பாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரிடமே சொல்லியிருக்கிறேன். அப்பா பாத்திரம் எப்போதும் சரியாகவே நடந்துகொள்வார். 1974இல் நடக்கிற அத்தியாயத்தில் இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து, இனி வரப்போகும் அச்சுத் தொழில்நுட்பத்தைப் பற்றி ஏதோ கருத்தரங்கில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். எல்லா அத்தியாயமும் வாழ்க்கையைப் பற்றிய ஒரு வாசகத்தோடு முடிகிறது. ‘நோக்கம்’ என்ற பத்தியில் என்ன போட்டிருந்தாரோ அது வரிக்கு வரி அப்படியே நிறைவேறியிருந்தது, வேறு எதுவும் அங்கே நடக்கவில்லை.

ஆனால் நாலு இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். நாலிலும் ஒரே ஆள்: எழுத்துக் கோக்கிற ஒரு பெண். பெயர் கிடையாது, ‘கம்போஸ் செய்யும் அம்மா’ என்று மட்டும் இருக்கும். திட்டத்தில் அவளுக்கு இடமே இல்லை, சூழலைக் காட்ட வைத்த பின்னணி உருவம். அவள் வருகிற பத்திகளில் மட்டும் வாக்கியங்கள் சின்னதாகிவிடும், உவமைகள் காணாமல் போய்விடும். மை படிந்த விரலைச் சேலையின் இடப்பக்கத்தில் ஒரே இடத்தில்தான் துடைப்பாள். அவளுக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையில் ஒரு கடுகு டப்பா இருக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் அது சும்மா இருக்கிறது. ஐந்தில் யாரோ அதை நகர்த்த, அவள் மறுபடி பழைய இடத்திலேயே வைக்கிறாள். எட்டில் சாயந்திரம் கிளம்பும்போது அதைப் பையில் போட்டு எடுத்துப் போகிறாள். பத்தில் ஒரு பையன் அதைத் தூக்கிப் பார்க்கிறான், கடுகு டப்பாவுக்கு அது கனம் அதிகம் என்று தோன்றுகிறது, வைத்துவிடுகிறான்.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

“எந்த டப்பா?” என்றார்.

நாலு பக்கத்தையும் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். “அது சும்மா வந்தது தம்பி. ஜன்னல்ல ஏதாவது இருக்கணுமேன்னு போட்டிருப்பேன்.”

அவ்வளவு யோசித்துப் போட்ட திட்டத்தில் இல்லாத ஒரு சாமான், நாலு அத்தியாயத்தில் நாலு விதமாக, ஒவ்வொரு தடவையும் ஒரு படி கூடுதலாக வந்திருக்கிறது. எழுதியவருக்கு அது தெரியவில்லை. வாசகனாக எனக்குத் தெரிந்த ஒரே உயிருள்ள இடம் அதுதான்.

முதல் முடிவும் அது சொதப்பியதும்

நான் சொன்ன யோசனை: திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள், இந்தப் பெண்ணைப் பின்தொடருங்கள். திட்டம்தான் கதையைக் கொல்கிறது என்று அப்போது எனக்கு உறுதியாகத் தோன்றியது. துணைக்கு ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியை வேறு இழுத்துக்கொண்டேன். ‘இடியட்’ நாவலை (தமிழில் ‘அசடன்’) 1867இல் ஜெனீவாவில் இருந்துகொண்டு திட்டம் திட்டமாகப் போட்டுப் பார்த்தார். அந்தக் குறிப்புகளில் வரும் கதாநாயகன் கர்வமும் வெறியும் பிடித்த ஒருவன், அச்சான நாவலில் நாம் படிக்கிற சாதுவான நாயகன் மிஷ்கினுக்கு நேர் எதிர். டிசம்பரில் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கி, ஜனவரியில் முதல் அத்தியாயங்களைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். இதை நான் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன்.

அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “அவருக்குப் பத்திரிகைக்காரன் காத்துக்கிட்டிருந்தான். வாங்கின அட்வான்ஸும் தீர்ந்திருக்கும். எனக்கு யார் காத்துக்கிட்டிருக்கா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இருந்தாலும் மரியாதைக்காகச் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த ஒன்பது வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் போன் செய்தால் உடம்பு சரியில்லை, பேத்திக்குப் பரீட்சை, இப்படி ஏதாவது சொல்வார். கடைசியில் அவராகவே வாயைத் திறந்தார்: “முப்பத்தாறு வருஷம் வவுச்சர் இல்லாம ஒரு ரூபாய் வெளியே விட்டதில்ல. இப்ப ஒரு கணக்கும் இல்லாம பக்கம் பக்கமா எழுதுன்னா எப்படித் தம்பி?”

தப்பு என்னுடையது. எழுத்தாளர்களில் திட்டம் போடுபவர், போடாதவர் என்று இரண்டு சாதி இருப்பதுபோலப் பேசுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, நானும் அந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டேன். அவருக்குத் திட்டம் என்பது கதை இல்லை, தைரியம். அதைப் பிடுங்கியதும் கை நின்றுவிட்டது.

இரண்டாம் முடிவு

அக்டோபர் நடுவில் நேரில் போய்ப் பேசினேன். சார்ட் மறுபடி சுவருக்குப் போனது. நாவலைத் தொட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பதிலாக ஒரு இருநூறு பக்க நோட்டு. தினம் காலையில் அரை மணி நேரம், கையால் எழுத வேண்டும். டப்பா கண்ணுக்குத் தெரிகிற காட்சியை மட்டும்தான் எழுத வேண்டும். டப்பாவைத் திறக்கக் கூடாது. யார் ஏன் எதைச் செய்தார்கள் என்று காரணம் சொல்லக் கூடாது. வரிசை வேண்டாம், வருடம் வேண்டாம், முடிவு வேண்டாம்.

கையால் எழுதச் சொன்னதற்குக் காரணம் கையெழுத்தின் மேல் எனக்கு இருக்கும் பாசம் இல்லை. கம்ப்யூட்டரில் அவர் ஒரு வாக்கியம் முடிவதற்குள் திரும்பிப் போய் முதல் சொல்லைத் திருத்துவார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நோட்டில் அடிக்கலாம், ஆனால் அடித்தது கண்ணில் இருக்கும். திறக்கக் கூடாது என்றதற்குக் காரணம் வேறு. முதல் நாளே திறந்தால் உள்ளே இருப்பது யோசித்துப் போட்டதாகத்தான் இருக்கும்: தாலிக்கொடி, பழைய கடிதம், இறந்த குழந்தையின் கொலுசு, இப்படி ஏதாவது. சினிமாவில் திறக்கிற டப்பாவிலெல்லாம் அதுதானே இருக்கிறது.

விதிகள் கடுமையாக இருந்ததால்தான் அவருக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். மூன்று வாரத்தில் பதினேழு காட்சி வந்தது. பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாது. டப்பாமேல் வெயில் விழுகிறது, டப்பாமேல் பல்லி ஓடுகிறது. பதினான்காவதில் மட்டும் அச்சக முதலாளி (அப்பா பாத்திரம்தான்) உள்ளே வருகிறார், அவள் டப்பாவை மறைக்கவில்லை, கையை மட்டும் வேகமாக ஓட்டுகிறாள். இந்த ‘வேகமாக’ என்ற சொல்லில் அவர் மாட்டிக்கொண்டார். வேகமாக என்றால் எப்படி? கை எங்கிருந்து எங்கே போகும்? அப்பாவின் அச்சகத்தில் வளர்ந்தவர்தான், ஆனால் மூலையில் உட்கார்ந்து பாடம் படித்தாரே தவிர ஒருநாளும் எழுத்துக் கோத்ததில்லை.

‘இல்லை’ என்ற சொல்

டிசம்பரில் பக்கத்து டவுனில் ஒரு பழைய அச்சகத்துக்குப் போனார். டிரெடில் மெஷினை வைத்துக்கொண்டு பில் புத்தகத்துக்கு எண் அடிப்பது, அட்டைக்கு டை கட்டிங் செய்வது போன்ற வேலைகள் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. அங்கே எழுபது தாண்டிய ஒரு கம்பாசிடர் (எழுத்துக் கோப்பவர்), பின்கட்டில் தூசி படிந்த இரண்டு எழுத்துக் கேஸ், அதாவது எழுத்துக்கு ஒரு அறையாகப் பிரித்த தட்டு. பெரியவர் எழுத்துகளை அடுக்கிப் பிடிக்கிற ஸ்டிக்கை இவருடைய இடக்கையில் கொடுத்து, கட்டை விரலால் கடைசி எழுத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, “ஏதாவது ஒரு வார்த்தை கோத்துப் பாருங்க சார்” என்றிருக்கிறார். இவர் வாயில் வந்தது ‘இல்லை’.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நாம் இன்று எழுதுகிற லை, ணை, னை, ளை ஆகியவை முன்பு தும்பிக்கை வைத்தாற்போல வேறு வடிவத்தில் இருந்தன. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார எழுத்துகளுக்கும் பழைய வடிவம் வேறு. மொத்தம் பதின்மூன்று எழுத்து. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் புது வடிவத்துக்கு மாறிவிட்டார். தமிழக அரசு ஆணையிட்டது 1978 அக்டோபரில். பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அது ஒரு செய்தி. எழுத்தைக் கையால் பொறுக்குகிறவர்களுக்கு அது கேஸில் காலியான அறை.

பெரியவர் அடித்தட்டில் துழாவிப் பழைய லை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழைய முறையில் ‘இல்லை’ கோக்க மூன்று அச்சு: இ, ல், லை. கை மூன்று தடவை கேஸுக்குப் போய் வரும். புது முறையில் நாலு: இ, ல், பிறகு ஐகாரக் கொம்பு தனியாக, பிறகு ல. இவர் இரண்டு முறையும் கோத்துப் பார்த்தார். ஒரு சொல்லுக்கு ஒரு தடவை கூடுதல். ஒரு பக்கத்தில் எத்தனை லை, எத்தனை னை, எத்தனை னா வரும் என்று வங்கிக்காரர் மனசுக்குள் கூட்டிப் பார்க்காமல் இருப்பாரா. அவர் கேட்ட அடுத்த கேள்வி, “கூலி எப்படிங்க, நாளுக்கா பக்கத்துக்கா?”

பக்கத்துக்கு என்றார் பெரியவர். அவர் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான். ஆணை வந்ததும் பழைய எழுத்தை எல்லாம் ஒரேயடியாக எடுத்துவிடவில்லை, அரசாங்க வேலைக்குப் புதுசு, கல்யாணப் பத்திரிகைக்குப் பழசு என்று கொஞ்ச காலம் இரண்டும் ஓடியது என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன். “தம்பி, டப்பா திறந்துடுச்சு. நான் திறக்கல, அந்தப் பையன் முழங்கை பட்டுக் கீழே விழுந்துடுச்சு.” ஒரே மூச்சில் ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். சிமெண்டுத் தரையில் ஈய எழுத்துகள் சிதறுகின்றன. பையன் பொறுக்குகிறான். எல்லாமே பழைய வடிவ எழுத்து. லை, னை, ணை, னா, வேறு எதுவும் இல்லை.

காரணம் வந்த விதம்

மறுநாளே காரணத்தையும் எழுதி அனுப்பிவிட்டார்: அவளுக்குப் பழைய எழுத்தின்மேல் பற்று, அது உருக்கப்படுவதைத் தாங்க முடியாமல் காப்பாற்றி வைக்கிறாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. நோட்டில் இருந்த பெண் எதன்மேலும் பற்று வைக்கிற ஆளாகத் தெரியவில்லை. அவள் நேரம் பார்ப்பவள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவள். காரணத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே எழுதுங்கள் என்றேன்.

எழுத எழுத வேறொன்று வந்தது. முதலாளி புதுமையை ஏற்கிறவர் என்று பேர் வாங்க ஆசைப்படுகிறார், அரசு வேலைக்கும் அது வசதி. அதனால் ஆணை வந்த வாரமே பழைய எழுத்துகளைக் கேஸிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார். கை கூடுதலாகப் போகிறது, பக்கக் கூலி அதேதான். அவள் கேட்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே “நாலு எழுத்துக்கா?” என்கிறார். அவள் பதில் பேசவில்லை. எடுத்துப் போட்டதிலிருந்து கொஞ்சம் அள்ளி டப்பாவில் போட்டுக்கொள்கிறாள், அவசர வேலைகளில் அதையே கோக்கிறாள். ஒருநாள் அரசு அலுவலகப் படிவம் ஒன்று புதிய லையும் பழைய லையும் கலந்து அச்சாகிப் போய்விடுகிறது. வேலை திரும்பி வருகிறது, அடுத்த வேலை வரவேயில்லை. முதலாளி அவளை அனுப்பிவிடுகிறார். அச்சகம் சரிய ஆரம்பித்தது அன்றுதான்.

கவனித்தால், திட்டத்தில் அச்சகத்தைக் கொன்றது கம்ப்யூட்டர். நோட்டில் கம்ப்யூட்டர் வருவதற்குப் பத்து வருடம் முன்பே ஒரு மனிதர் சில பைசாவுக்கு ‘இல்லை’ சொல்லியிருக்கிறார். எழுதியவர் தேடிப் போன இடம் இது இல்லை, பிடித்த இடமும் இல்லை. இந்தப் பக்கங்களை அனுப்பியபோது கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இது அப்பா இல்லை.’

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். கலந்து அச்சான படிவத்துக்கு மெய்ப்பு (புரூஃப்) பார்த்துப் பிழை திருத்தியது யார்?

சின்ன அச்சகம், மெய்ப்புக்கென்று தனி ஆள் கிடையாது. புரூஃப் எடுத்தால் பார்ப்பது முதலாளிதான், முந்தைய பதினோரு அத்தியாயத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தார், மேசை விளக்கின் கீழே அப்பா பேனாவோடு உட்கார்ந்திருக்கும் காட்சி மூன்று இடத்தில் வருகிறது. அப்படியென்றால் அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் விட்டிருக்கிறார். போனில் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ஆமாம், பார்த்திருப்பார்” என்று மட்டும் சொன்னார்.

ஏன் விட்டார் என்பதற்கு அவர் ஆறு மாதம் பதில் தேடினார். குற்ற உணர்ச்சி என்று ஒரு முறை எழுதினார், அசதி என்று ஒரு முறை, அவளை மாட்டிவிட வேண்டுமென்றே என்று ஒரு முறை. மூன்றும் நிற்கவில்லை. இறுதிப் பிரதியில் அந்தக் காட்சி இப்படித்தான் இருக்கிறது: அவர் புரூஃபைப் பார்க்கிறார், பேனா ஒரு இடத்தில் நிற்கிறது, பிறகு கையெழுத்துப் போடுகிறார். ஏனென்று ஒரு சொல்லும் இல்லை.

எக்செல் திரும்பி வந்தது

காட்சிகள் பெருகிய பிறகு வரிசை தேவைப்பட்டது, நானும் திணறினேன். வழி கண்டுபிடித்தது அவர். பழைய தாளை அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொரு தாள் திறந்து, ஒரு அத்தியாயம் எழுதி முடித்த பிறகு அதில் நடந்ததை நிரப்பினார். அதே பத்திகள், அதே வருடம், இடம், பாத்திரங்கள். ‘நோக்கம்’ என்ற பத்தியை மட்டும் எடுத்துவிட்டு ‘கேள்வி’ என்று வைத்தார். “முதல்ல செலவு, அப்புறம் வவுச்சர். ஆடிட்டர் பார்த்தா செத்தேன்” என்றார். பழைய தாளின் முப்பத்திரண்டு வரிசையில் ஆறுதான் புதுத் தாளுக்கு வந்தன.

இந்தப் பின்கணக்கில் பிழைகளும் பிடிபட்டன. பழைய மூன்றாம் அத்தியாயம் 1965இல் நடப்பது, டப்பா அதிலும் இருந்தது. பழைய எழுத்தை ஒளித்து வைக்கிற டப்பா 1978க்கு முன்னால் இருக்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் தொடக்கமாக இருந்த அந்த முதல் டப்பாவை நாவலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அவர் தயங்கவில்லை, எனக்குத்தான் மனசு வரவில்லை.

அக்கா படித்தது

2022 ஆகஸ்டில் புது வரைவு முடிந்தது. செப்டம்பரில் அக்காவிடம் கொடுத்தார். அவருக்கு நாலு வயது மூத்தவர். இரண்டு நாளில் படித்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அப்பாவை இப்படி எழுதிட்டியேடா” என்பது முதல் வார்த்தை. கதைக்கா, கற்பனைக்கா என்று இவர் சமாதானம் சொல்லப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அக்கா சொன்னதுதான் விஷயம். “டப்பாவெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அந்தம்மா கூலி விஷயமா வந்து நம்ம திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. அம்மா காபி கொடுத்தாங்க, குடிக்கல. உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்போ திருச்சியில ஹாஸ்டல்ல இருந்தே.”

அவர் 1978இல் கல்லூரி மாணவர், ஊரில் இல்லை. திண்ணைக் காட்சி நாவலில் இல்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் கூலிச் சண்டை நாவலில் இருந்தது.

இங்கே எடுத்த முடிவு மூன்றாவது. அக்கா வேண்டாம் என்றால் வெளியிட மாட்டேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அக்கா அப்படிக் கேட்கவில்லை, அந்தம்மாவின் பிள்ளைகள் இன்னும் அதே பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்றார். அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாதது. அதனால் ஊரை மாற்றினார், முதலாளியின் குடும்பத்தை மாற்றினார், மகன் சொல்லும் கதையாக இருந்ததை டப்பாவைத் தட்டிவிட்ட எடுபிடிப் பையன் சொல்லும் கதையாக மாற்றினார். திண்ணைக் காட்சியைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நாவலின் மிக நல்ல காட்சியாக இருந்திருக்கும், குடிக்காமல் ஆறிப்போன காபியை எந்த எழுத்தாளனும் விட மாட்டான். அவர் விட்டார். “அது அவங்களோடது” என்றார். மகன் போனதால் நெருக்கம் குறைந்தது, ஆனால் முதலாளியைப் பற்றி வக்காலத்து வாங்குகிற குரலும் அதோடு போய்விட்டது. லாபம்தான் என்று எனக்குப் படுகிறது, அவர் ஒத்துக்கொள்வதில்லை.

முடிவில்

மூன்று வரைவு, 2023 நடுவில் முடிந்தது. ஐநூறு பக்கம் என்று போட்ட திட்டம் அச்சில் நூற்று அறுபத்தெட்டு பக்கம் ஆனது. ஒரு சிறு பதிப்பகம் முந்நூறு பிரதி போட்டது. பதிப்பகத்தார் ஒரு மாற்றம் கேட்டார்கள், முதலாளி ஏன் கையெழுத்துப் போட்டார் என்று வாசகனுக்கு ஒரு துப்பாவது வேண்டும் என்று. தனக்கே தெரியாததை எப்படிக் கொடுப்பது என்று கேட்டுவிட்டார். 2024 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்தது. சுமாராக விற்றது. பெரிய விமர்சனம் ஒன்றும் வரவில்லை. பெரியவர், அந்த டிரெடில் அச்சகக் கம்பாசிடர், படித்துவிட்டு ஒரு அச்சுப் பிழை மட்டும் சுட்டிக்காட்டினார்.

இப்போது என்றால் என்ன மாற்றுவேன்

திட்டத்தைக் கிழி என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒன்பது வாரம் வீண். அதோடு, நோட்டு முறையும் எல்லாருக்கும் ஆகாது. அடுத்த வருடம் துப்பறியும் கதை எழுதும் ஒருவரிடம் இதையே சொன்னேன், அவர் நாற்பது பக்கம் எழுதிக் குழம்பி, மறுபடி கொலையாளியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டுத்தான் முடித்தார். அவருக்கு அதுதான் சரி.

அச்சகத்துக்கு முதலிலேயே போயிருக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. போயிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும் என்கிறார் அவர். முதலிலேயே போயிருந்தால் அங்கே கண்டதெல்லாம் நல்ல தகவலாக, ஒரு அத்தியாயத்துக்கு நாலு பக்கமாக வந்திருக்கும் என்பது என் கணக்கு. ‘வேகமாக’ என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு போனதால்தான் கூலியைப் பற்றிக் கேட்கத் தோன்றியது.

வீட்டாரிடம் முன்னமே பேசியிருக்க வேண்டும். கதை முடிந்தபின் அக்கா படித்ததால் ஒரு முழு வரைவை மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தோன்றாமல் போனதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம். நோட்டில் தேதி போடச் சொல்லவில்லை. கூலிச் சண்டையை எழுதியது அக்காவிடம் பேசுவதற்கு ரொம்ப முன்னால் என்கிறார் அவர். அக்காவோ, 2021 தீபாவளிக்கு வந்தபோதே அந்தம்மாவைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது, தம்பி கேட்டுக்கொண்டிருந்தான், என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை என்கிறார். தீபாவளி நவம்பர் 4, நோட்டு நடந்துகொண்டிருந்த நேரம், டிசம்பரில் அச்சகத்துக்குப் போவதற்கு முன்பு. கூலி என்ற கேள்வி பெரியவரைப் பார்த்ததும் கணக்குப் போட்டு வந்ததா, அக்கா சொன்னது எங்கேயோ கிடந்து வந்ததா, அவர் சின்ன வயதில் காதில் விழுந்ததா என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். பதினேழாவது காட்சிக்குப் பிறகு மையின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான் தெரிகிறது.